கறுப்பு டிசர்ட்டில் என் முகம்

திரும்பி வந்துவிட்டேன் என்று ஒருவர் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அவர் போனது நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நான் பாட்டை விட்டது என் அம்மாவுக்குத் தெரியும். பழனிக்குப் போய் முடி காணிக்கை கொடுத்து முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். மற்றபடி யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட நான் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, 'கம்பேக் ஆல்பம்' என்று ஒன்றை வெளியிட்டேன்.

முதலில் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கோயமுத்தூரில் கல்லூரியில் படித்தபோது மூன்று பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். நான் பாட்டெழுதிப் பாடுவேன், கொஞ்சம் கிடார் வாசிப்பேன். நிறைய கிடார் வாசிக்க இன்னொருவன் இருந்தான். டிரம்ஸுக்கு மூலனூர்க்காரன் ஒருவன். எங்கள் பக்கத்துக் கும்மி மெட்டு, ஒப்பாரி மெட்டு எல்லாவற்றையும் எடுத்து எலக்ட்ரிக் கிடாரோடு கலந்து அடிப்பதுதான் எங்கள் பாணி. நாங்கள் அதை ஃபோக் ராக் என்றோம். "ஒப்பாரிக்கு எதுக்குங்க கரண்டு?" என்று கல்லூரி வாட்ச்மேன் கேட்டார். இன்றுவரை எங்களைப் பற்றி வந்த விமர்சனங்களில் அதுதான் சுருக்கமானது.

முதல் ஆல்பத்தில் டவுன் பஸ்ஸைப் பற்றிய ஒரு பாட்டு கல்லூரி விழாக்களில் பிடித்துக்கொண்டது. அதில் கூட்டம் சேர்ந்து 'ஹேய்' என்று கத்துவதற்குத் தோதாக நிறைய இடம் இருந்ததுதான் காரணம் என்று இப்போது புரிகிறது. அப்போது நாங்கள் அதை எங்கள் மேதைமை என்று எடுத்துக்கொண்டு சென்னைக்கு வண்டி ஏறினோம்.

சென்னையில் எனக்கு ஒரு சினிமாப் பாட்டு கிடைத்தது. பாடி முடித்ததும் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். படம் வந்த அன்று என் அப்பா தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க டிக்கெட் எடுத்து உறவுக்காரர்களை உட்காரவைத்தார். பாட்டு வந்தது. குரல் வேறு யாருடையதோ. என்னுடையதை எடுத்துவிட்டு இன்னொருவரைப் பாடவைத்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் இருட்டில் நாற்காலிக்குள் புதைந்துகொண்டிருந்தபோது அப்பா என் பக்கம் குனிந்து, "உன்ற கொரலு சினிமாவுல வெகு நல்லா இருக்குது கண்ணு. ஊட்டுல கேக்கறப்ப இப்படித் தெரியறதில்ல" என்றார். நான் தலையாட்டினேன். அவர் கடைசிவரை அந்தப் பாட்டைத்தான் போன் ரிங்டோனாக வைத்திருந்தார்.

அடுத்து இரண்டாவது ஆல்பம். அதன் வெளியீட்டு மேடையிலேயே எனக்கும் கிடார்காரனுக்கும் சண்டை. பாட்டு வேகமாக இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி, மெதுவாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பேசித் தீராததால், மேடையில் அவன் அவன் வேகத்தில் வாசித்தான். நான் என் வேகத்தில் பாடினேன். டிரம்ஸ்காரன் யார் மனதும் நோகக்கூடாது என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தில் அடித்தான். கேட்டவர்கள் ஒலிபெருக்கி பழுது என்று நினைத்தார்களாம். அதற்குப் பிறகு கிடார்காரன் கனடாவுக்குப் போய்விட்டான். பேச்சுவார்த்தை கிடையாது. டிரம்ஸ்காரன் மூலனூருக்குத் திரும்பிப்போய் அவன் அப்பாவின் முருங்கைக்காய் மண்டியில் உட்கார்ந்தான். எனக்குத் தொண்டையில் முடிச்சு விழுந்தது. ஆபரேஷன் செய்தார்கள். முடிச்சு போயிற்று, கூடவே மேல்ஸ்தாயியும் போயிற்று. மிஞ்சியது ஆண்குரல் போலத் தடித்த, கரகரத்த ஒரு குரல்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்தேன். மெர்ச்சண்டைசர் என்றால், துணி வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கும் இங்கே தைத்துக் கொடுப்பவர்களுக்கும் நடுவில் நின்று, 'எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது' என்று இரண்டு பக்கமும் பொய் சொல்ல வேண்டிய ஆள். பாட்டெழுதிய கைக்கு அது கஷ்டமாக இல்லை. போனில் பேசினால் சாயப்பட்டறைக்காரர்கள் "சரிங்க சார்" என்பார்கள். ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். சார் என்று நினைத்தால் சரக்கு சீக்கிரம் வருகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். பிறகு டிசர்ட்டில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். வாழ்க்கை நன்றாகவே போயிற்று. அதுதான் பிரச்சினை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி ரோல்களின் நிறம் சரிபார்க்க மண்ணரையில் இருந்த எங்கள் கம்பெனி குடோனுக்குப் போனேன். தரையிலிருந்து கூரைவரை ரோல்கள் அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத்தான் சந்து. லேபிளைப் பார்த்துக்கொண்டே பழக்கதோஷத்தில் எதையோ முணுமுணுத்தேன். திடுக்கென்றது. எதிரொலியே இல்லை. குரல் வாயைவிட்டு வெளியே வந்ததும் அப்படியே காலடியில் விழுந்தது. குளியலறையில் பாடினால் எல்லாருக்கும் தாங்கள் பெரிய பாடகர்கள் என்று தோன்றும். இது அதற்கு நேர் எதிரான இடம். ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் எப்படி ஆகியிருக்கிறது என்பதை அன்றுதான் முதல்முறை கலப்படமில்லாமல் கேட்டேன். கெட்டுப்போயிருந்தது. ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல ஒரு மாதிரி கெட்டுப்போயிருந்தது. அந்தச் சந்திலேயே உட்கார்ந்து இருட்டும்வரை பாடினேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தை ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, நான் மறுபடியும் ஒரு ஆல்பம் போடலாம்னு இருக்கேன்."

"என்ன ஆல்பம்? நம்ம கண்ணால ஆல்பமா? கரையான் அரிச்சிருச்சுன்னு சொன்னியே அம்மிணி?"

"பாட்டு ஆல்பம்ங்க. என்ற பாட்டு."

அவர் இட்லியைச் சட்னியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். வேண்டாம் என்று சொல்வதற்கு நல்ல வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன்.

"போடு, போடு. டிசர்ட் நான் அடிச்சுத் தாரேன்" என்றார்.

திருப்பூரில் எந்தக் காரியம் தொடங்கினாலும் முதலில் டிசர்ட் முடிவாகிவிடும். மற்றதெல்லாம் பிறகுதான்.

டிரம்ஸ்காரனைப் பார்க்க மூலனூர் போனேன். மண்டியில் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். தொப்பை போட்டிருந்தது. ஏலம் முடியும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். பழைய நாட்கள், கண்ணீர், கட்டிப்பிடித்தல் என்று ஏதாவது நடக்கும் என்று வழியெல்லாம் கற்பனை செய்திருந்தேன்.

"பாட்டு வேகமா, மெதுவா?" என்று கேட்டான்.

"எல்லாமே மெதுவுதான்."

"அப்பச் சரி. எனக்கு இடுப்பு புடிச்சிருக்குது. ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு மேல வாரேன். சோறு போட்டர்றியா?"

ஒப்பந்தம் அவ்வளவுதான்.

குடோனில் பாடிக்கொள்ள எங்கள் முதலாளி சம்மதித்தார். "நெருப்பு பத்த வெக்காத வரைக்கும் என்ன வேணா பண்ணுங்க" என்றார். நெருப்பு பற்றும் அளவுக்கு நாங்கள் வாசிக்க மாட்டோம் என்று அவரிடம் சொல்லவில்லை. ஒலிப்பதிவுக்குத் தனியாக ஆள் வைக்கவில்லை. லேப்டாப்பில் வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டேன். அதன் விளைவை ஆல்பத்தில் இப்போதும் கேட்கலாம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு தையல் மெஷின் சத்தத்தைத் தாளமாக்காமல் விட்டால் கலைக்கே துரோகம் என்று ஒரு வாரம் எனக்குத் தோன்றியது. பக்கத்து யூனிட்டில் ஓவர்லாக் மெஷின் ஓடுவதைப் பதிவுசெய்து கொண்டுவந்து டிரம்ஸ்காரனுக்குப் போட்டுக்காட்டினேன். கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டான்.

"எப்படி இருக்குது?"

"அச்சு அசலா மெஷின் சத்தம் மாதிரியே இருக்குது" என்றான்.

அழித்துவிட்டேன்.

முதல் நாலு பாட்டு அந்தத் துணிச் சந்துக்குள் பதிவாயிற்று. காதுக்குப் பக்கத்தில் ஒருத்தி வந்து ரகசியம் சொல்வது போல, வறண்டு, நெருக்கமாக. எனக்கே பிடித்திருந்தது. ஐந்தாவது பாட்டுக்காகப் போய்க் கதவைத் திறந்தால் குடோன் காலி. ஒரு ரோல்கூட இல்லை. சரக்கு முழுக்க தையலுக்குப் போய்விட்டது. யாரைத் திட்டுவது? அந்த லோடை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று வாரம் முழுக்கப் போனில் கத்திக் கத்தி அனுப்பவைத்த மெர்ச்சண்டைசர் நான்தான்.

டிரம்ஸ்காரன் காலி குடோனுக்குள் நின்று ஒருமுறை கை தட்டினான். சத்தம் சுவருக்குச் சுவர் ஓடியது. "கோயில் மண்டபமாட்ட இருக்குது. என்ன பண்றது? மூலனூர்ல இருந்து வந்துட்டேன். சோறும் தின்னுட்டேன். பாடு" என்றான். மீதி நாலு பாட்டையும் அப்படியே பாடி முடித்தோம். பிற்பாடு இணையத்தில் ஒருவர் எழுதினார்: ஆல்பத்தின் முதல் பாதியில் மூச்சடைக்கும் சிறை, பின்பாதியில் எல்லையற்ற வெளி, இந்த வடிவமைப்பு துணிச்சலானது என்று. அவருக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டேன். ஷிப்மெண்ட் தேதியை எல்லாம் அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆல்பத்துக்கு 'இங்கதான் இருக்கேன்' என்று பெயர் வைத்தேன். மறந்துபோனவர்களுக்கெல்லாம் ஒரு சேதி சொல்கிற மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். அட்டைப்படத்துக்கு வீட்டுக்காரர் பட்டறை வாசலில் நிற்கவைத்து போனில் போட்டோ எடுத்தார். வெயிலில் கண் கூசியதால் குனிந்துகொண்டேன். அது அடக்கமாகவும் ஆழமாகவும் இருப்பதாக இருவருக்கும் தோன்றியது. யாரோ ஆர்டரை ரத்து செய்ததால் தேங்கிக் கிடந்த கறுப்பு டிசர்ட் ஒரு லாட் அவரிடம் இருந்தது. கறுப்பில் வெள்ளையாக என் முகத்தை அச்சடித்து, கீழே 'இங்கதான் இருக்கேன்' என்று போட்டால் போதும், செலவில்லை என்றார்.

வெளியீட்டு விழாவுக்குக் கொஞ்சம் அடித்தால் போதும் என்பதுதான் பேச்சு. பட்டறையில் வேலை செய்தவர்கள் வடநாட்டுத் தம்பிகள். பிரிண்டைக் காயவைக்கும் மெஷின் இரைச்சலுக்கு நடுவில் இவர் அவர்களிடம், "பூரா வேண்டாம், பூரா வேண்டாம், கொஞ்சம் மட்டும்" என்று கத்திவிட்டு வெளியே போயிருக்கிறார். இரைச்சலில் அவர்கள் காதில் விழுந்தது 'பூரா' மட்டும். இந்தியிலும் பூரா என்றால் பூரா தான். சாயங்காலம் இவர் திரும்பி வந்தபோது பட்டறை முழுக்க, மேஜை மேஜையாக, நான் குனிந்துகொண்டிருந்தேன்.

விழாவை ஒரு சின்ன மண்டபத்தில் வைத்தோம். அழைப்பிதழை வழக்கமாகக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவரிடம் கொடுத்தது தப்பாகிவிட்டது. மேலே பிள்ளையார், கீழே 'சுற்றமும் நட்பும் சூழ'. ஆல்பம் வெளியீடு என்ற வார்த்தையை உறவுக்காரர்கள் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பெண்கள் பட்டுச்சேலையில் வந்தார்கள். என் தாய்மாமா தாம்பாளத்தில் தேங்காய் பழம் வெற்றிலையோடு எனக்குச் சேலை எடுத்துக்கொண்டு சீர் வரிசையாக வந்து இறங்கினார்.

"மாமா, இது வெறும் பாட்டுக் கச்சேரிங்க" என்றேன்.

"என்னமோ ஒண்ணு சாமி. ஒரு விசேஷம்னா மாமன் சீரு இல்லாமயா?" என்றார். மேடையில் நிற்கவைத்து எனக்கு மாலையும் போட்டுவிட்டார். மாலையோடுதான் முதல் பாட்டைப் பாடினேன். கிடார் வாசிக்க விடாமல் மாலை கம்பியில் சிக்கிக்கொண்டே இருந்தது.

நாலாவது பாட்டு நடுவில் யாரோ "பந்தி போட்டாச்சுங்க" என்றார்கள். அதன் பிறகு மண்டபத்தில் என் வீட்டுக்காரரும் மைக்செட்காரரும் மட்டும் இருந்தார்கள். மைக்செட்காரரும் பாதி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "சாப்பாடு பிரமாதம் அம்மிணி" என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். பாட்டைப் பற்றி ஒரு அத்தை மட்டும், "சத்தம் கொஞ்சம் எச்சா இருந்துது, மத்தபடி ஒண்ணும் கொறையில்ல" என்றார்.

பிறகு அமைதி. பாட்டுகள் இணையத்தில் கிடந்தன. நான் கேட்டேன், டிரம்ஸ்காரன் கேட்டான், துணிச்சலான வடிவமைப்பைப் பாராட்டிய அந்த ஒருவர் கேட்டார். நிகழ்ச்சிக்கு அழைக்க என்று பட்டறை போன் நம்பரைப் போட்டிருந்தேன். வந்த அழைப்பெல்லாம் டிசர்ட் அடிக்க என்ன விலை என்று கேட்டவைதான். மிஞ்சிய கறுப்பு டிசர்ட்களை எல்லாம் வீட்டுக்காரர் காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிட்டார்.

"என்ற மூஞ்சியைப் போட்டு விக்கறீங்களே?"

"அது வடக்க எங்கியாவது போயிரும். அங்க யாருக்கு உன்னையத் தெரியும்?"

இங்கேயும் யாருக்கும் தெரியாது என்பதால் நான் வாதம் செய்யவில்லை.

அவை வடக்கே போகவில்லை. சில வாரம் கழித்து ஈரோடு பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் ஒருவர் என்னைப் போட்டுக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, அடையாளம் தெரியட்டும் என்று அவர் எதிரே நேராக நின்று டீ கேட்டேன். கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, சட்டையில இருக்கறது யாருங்க?"

அவர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். "தெரீலீங்க. யாரோ செத்துப்போயிட்டாங்களாமா. நெனப்புக்கு அடிச்சுக் குடுத்திருக்காங்க போல. பாருங்க, 'இங்கதான் இருக்கேன்'னு போட்டிருக்குது. படிச்சாலே மனசு சங்கடமா இருக்குதுங்க."

"பாவம்" என்றேன்.

"ஆமாங்க. வயசும் ஒண்ணும் ஆகலையாட்ட இருக்குது."

அந்தக் கடைசி வார்த்தைக்காக நான் இன்னொரு டீ குடித்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தைப் புதுக் கண்ணோடு பார்த்தேன். கறுப்புப் பின்னணி. குனிந்த முகம். கீழே அந்த வாசகம். ஊரெங்கும் தெருமுனையில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலி பேனர்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கும். இத்தனை நாள் அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

அதற்குள் டிசர்ட் வாங்கியவர்களில் சிலர், இறந்துபோன பெண் யார் என்று தெரிந்துகொள்ள அந்த வாசகத்தை போனில் தேடியிருக்கிறார்கள். தேடினால் என் பாட்டு வந்திருக்கிறது. பாட்டுக்குக் கீழே கருத்துகள் முளைக்க ஆரம்பித்தன. 'ஆழ்ந்த இரங்கல்.' 'இவ்ளோ நல்லாப் பாடிட்டு இப்படிப் பாதியில போயிட்டீங்களே அக்கா.' 'குரல்லயே ஒரு வலி தெரியுது, அப்பவே உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்.' ஒருவர் கோபமாக எழுதியிருந்தார்: 'உயிரோட இருந்தப்ப எவனும் கண்டுக்கல. செத்த பிறகு கொண்டாடுறீங்க.' எனக்கு அவர் கருத்து முழுக்க நியாயமாகப் பட்டது. லைக் போட்டேன்.

என்னை இவ்வளவு பேர் இவ்வளவு புகழ்ந்து வாழ்நாளில் நான் கேட்டதில்லை. ஆபீஸில் கழிப்பறைக்குள் போய் நின்று படிப்பேன். கண் கலங்கும். இப்படிப்பட்ட பாடகி போய்விட்டாளே என்று எனக்கே துக்கமாக இருக்கும்.

இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வியாபாரி. "இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்குது. கொஞ்ச நாளைக்குச் சும்மா இரு" என்றார். அம்மாவோ, செத்ததாக வதந்தி வந்தால் ஆயுசு கூடும் என்று சந்தோஷப்பட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு இரங்கல் செய்திக்குக் கீழே, 'நண்பர்களே, நான் உயிரோடுதான் இருக்கிறேன். உங்கள் அன்புக்கு நன்றி' என்று என் பெயரிலேயே எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 'போலி ஐடி. செத்தவங்கள வெச்சு விளையாடாதீங்க, நாக்கு அழுகிடும்.' அதற்கு நாலைந்து பேர் கைதட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தத் துணிச்சலான வடிவமைப்புக்காரர்.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறை போன் அடித்தது. வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்து ஹலோ என்றேன்.

"சார், வணக்கம் சார். நான் கனடாவுல இருந்து பேசறேன். நீங்க... அவங்க ஹஸ்பண்டுங்களா?"

குரல் கேட்ட உடனே தெரிந்துவிட்டது. கிடார்காரன். தொண்டையிலிருந்து "ம்" என்று ஒன்று வந்தது. அது அவனுக்குத் துக்கத்தில் இருக்கும் கணவனின் 'ம்' மாதிரி கேட்டிருக்க வேண்டும்.

"எப்படி ஆறுதல் சொல்றதுன்னு தெரியல சார். நான் அவகூட வாசிச்சவன். பேசி வருஷக்கணக்காச்சு. பாட்டைக் கேட்டேன் சார், நைட்டெல்லாம் கேட்டேன். ஒரு விஷயம் உங்ககிட்டயாவது சொல்லணும். கடைசியா மேடையில ஒரு சண்டை வந்துது. நாந்தான் வேகமா வாசிச்சேன். அவ சொன்ன வேகந்தான் சரி. அது அப்பவே எனக்குத் தெரியும் சார்."

அவன் அழுதான். இத்தனை வருடமாக, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும், இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்பதாகக் கற்பனை செய்து, அதற்கு நறுக்கென்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான்.

"அந்தக் கடைசி நாலு பாட்டுல ஒரு எக்கோ வருதே சார், ஏதோ அந்தப் பக்கம் போய் நின்னுட்டுப் பாடற மாதிரி. தெரிஞ்சே பாடியிருக்கா."

இதற்கு மேல் தாங்கவில்லை. "அது லோடு போயிருச்சுடா" என்றேன்.

"சார்?"

"துணி லோடு. குடோன் காலியாயிருச்சு. அதான் எக்கோ. நாந்தான் பேசறேன். சாகல. தொண்டை ஆபரேஷன்."

அவன் ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. அதைவிடப் பெரிய வார்த்தை இன்னொன்றும் சொன்னான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த வேகத்தைப் பத்திச் சொன்னது வாபஸ்" என்றான்.

"போனை வெச்சுட்டு மறுபடியும் கூப்பிடு. என்ற வீட்டுக்காரர் குளிச்சுட்டு வந்துருவாரு. வேகத்தைப் பத்தி மொதல்ல சொன்னதை அவருகிட்டயும் சொல்லு, சாட்சி இருக்கட்டும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்காரர் ஈரத் தலையோடு வந்து எட்டிப்பார்த்து, "எந்த ஆர்டருக்கு இந்த அழுகை?" என்று கேட்டார்.

தைப்பொங்கலை ஒட்டி அவன் லீவில் ஊருக்கு வந்தபோது, எங்கள் கம்பெனி ஆண்டு விழாவில் மூன்று பேரும் சேர்ந்து வாசிப்பது என்று முடிவாயிற்று. செத்ததாகச் சொல்லப்பட்ட ஒருத்தி அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்டுக்குப் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எங்கள் மனிதவள மேலாளருக்கு அப்போதுதான் தெரிந்தது. கிடார்காரனுக்கு முன்னந்தலை முழுக்க வழுக்கை. ஒத்திகையில் ஒருமுறைகூட வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. டிரம்ஸ்காரன் மட்டும் ஆரம்பிக்கும் முன்பு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டான்.

மாலை ஐந்து மணிக்குக் கம்பெனி வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஷிப்மெண்ட் நெருக்கடியால் அன்றும் நாலு மணிவரை மெஷின் ஓடியிருந்தது. தையல் பிரிவுப் பெண்கள் ஷிப்டு முடிந்து முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் எதிர்பார்த்தது ஆட ஒரு பாட்டு. நாங்கள் ஆரம்பித்ததோ எங்களிடம் இருப்பதிலேயே மெதுவான ஒன்று. கூட்டத்தில் ஏமாற்றம் வெளிப்படையாகத் தெரிந்தது. கொட்டாவி ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் பரவுவதை மேடையிலிருந்து நன்றாகப் பார்க்கலாம்.

இரண்டாவது சரணத்துக்குப் போனபோது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. நான் இவ்வளவு வருடம் தாண்டி, ஆபரேஷன் தாண்டி, சாவைக்கூடத் தாண்டி மேடைக்கு வந்திருக்கிறேன், நீ தூங்குகிறாய். குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

பின்னாலிருந்து டிரம்ஸ்காரன் அடிப்பதை நிறுத்தாமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏம்புள்ள, கத்தாத. அந்தப் பொண்ணு நல்லாத் தூங்குது" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரலால் தட்ட ஆரம்பித்திருந்தான். கிடார்காரனும் ஒலியைக் குறைத்தான். தோள் கொடுத்தவள் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, 'எழுப்பிவிடாதீங்க' என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் குரலை இறக்கினேன். அந்தப் பாட்டை அவ்வளவு மெதுவாக நான் அதற்கு முன் பாடியதில்லை. பந்தலில் பேச்சுச் சத்தம் தானாக அடங்கியது. பாட்டைக் கேட்பதற்காகவா, அவள் தூக்கம் கலையாமல் இருப்பதற்காகவா என்று தெரியாது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

பாட்டு முடிந்ததும் கைதட்டப்போன ஒருத்தியின் கையைப் பக்கத்தில் இருந்தவள் பிடித்துக்கொண்டாள். அடுத்தது டவுன் பஸ் பாட்டு. டிரம்ஸ் படபடவென்று விழ, எல்லாரும் 'ஹேய்' என்று கத்த வேண்டும். கிடார்காரன் என் பக்கம் சாய்ந்து கேட்டான்.

"வேகமா, மெதுவா?"

"அந்தப் பொண்ணு எந்திரிக்கட்டும்" என்றேன்.

மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு மேடையிலேயே நின்றோம்.